கோவை சிறுவாணி ரோடு, ஆடிக்காற்று, 74 வயது

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்று விழுந்துவிட்டேன். சைக்கிள் ஓட்டும்போது இல்லை, நின்ற பிறகு. ஆலாந்துறை டீக்கடை முன்னால் பிரேக் பிடித்து இடது காலை ஊன்றிக்கொண்டு, வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கி இறங்கப் பார்த்தேன், கால் சீட் உயரத்துக்கு எழும்பவில்லை, நிக்கர் சீட்டின் முனையில் மாட்டிக்கொண்டது, சைக்கிளோடு இடது பக்கம் சாய்ந்து இடுப்பு நேராகத் தரையில் மோதியது. கடைக்காரத் தம்பி ஓடிவந்து "ஐயா, மெதுவா, மெதுவாங்க" என்று தூக்கி உட்கார வைத்தார். டீ குடித்தேன், அப்புறம் அதே சைக்கிளில் செல்வபுரம் வரை ஓட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அப்படி ஓட்டி வந்தது தப்பு என்று சாயங்காலம் டாக்டர் சொன்னார், சரிதான்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் "நின்ற இடத்திலிருந்து விழுந்திருக்கீங்க, வயசு 74, எலும்பு அடர்த்தி ஒரு தடவை பார்த்துடலாம்" என்று டெக்சா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கெல்லாம் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். 61 வயதில் ரோடு சைக்கிள் வாங்கியதிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுகிறேன், அதற்கு முன்னால் முப்பத்தைந்து வருடம் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர், நின்றபடியே செய்த வேலை.

ஜூன் 6, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. எலும்பு அடர்த்தியை டி-ஸ்கோர் என்கிற கணக்கில் போட்டிருக்கிறார்கள், முதுகெலும்பு மைனஸ் 2.3, இடுப்பு மைனஸ் 1.8. மைனஸ் 1 வரை இருந்தால் சரி, மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்பு மெலிவு நோய் என்று பெயர், நான் இரண்டுக்கும் நடுவில், மோசமான பக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே ஆடிப்போய்விட்டேன். எலும்பு தன் மேல் பாரமும் அதிர்வும் விழ விழத்தான் கெட்டிப்படுமாம். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை இடுப்பிலும் முதுகிலும் இறங்குகிறது. சைக்கிளில் அந்த எடையைச் சீட் வாங்கிக்கொள்கிறது. நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் தொடைக்கும் சைக்கிளைப் போல ஒன்று கிடையாது, ஆனால் முதுகெலும்புக்கு அது கிட்டத்தட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். வருடக்கணக்கில் சைக்கிள் பந்தயம் ஓட்டும் இளைஞர்களுக்கே முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயமாம். பதின்மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒருத்தர்கூட இதை எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன், அறுபதைத் தாண்டி ஓட்டுகிற யார் கண்ணிலாவது பட்டால் நல்லது.

ஜூன் 8, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். "அப்பா, ஓட்டினது போதும், வேணும்னா வீட்டுக்குள்ளயே வைக்கிற சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்றாள். பேத்தி மட்டும் "அப்புச்சி, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு இடுப்பில் கருத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மனைவி ஒன்றும் பேசவில்லை, ராத்திரி சாப்பாடு போடும்போது, "ஏனுங்க, நிறுத்தச் சொன்னா நிறுத்தவா போறீங்க, விழாம ஓட்டறதுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க" என்றாள். நாற்பத்தெட்டு வருடம் கூட இருந்தவள்.

எனக்கு வீட்டுக்குள் சுவரைப் பார்த்து மிதிக்க முடியாது. பேரூர் தாண்டிப் பாக்குத்தோப்பு நிழல் ஆரம்பிக்கிற இடத்தில் காற்று திடீரென்று குளிருமே, பூலுவபட்டி பக்கம் மயில் குறுக்கே ஓடும்போது எல்லோரும் பிரேக் பிடிப்போமே, அதற்காகத்தான் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஆனால் மகளின் பயமும் நியாயமானது. இந்த வயதில் இடுப்பு முறிந்தால் படுக்கை, படுத்தால் சதை கரையும், சதை கரைந்தால் எழுந்து நடப்பதே பாடாகிவிடும். இதைப் பக்கத்துத் தெருவிலேயே இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு வாரம் சைக்கிளைத் தொடக் கூடாது என்று உத்தரவு, நாளையோடு முடிகிறது. இந்த நாட்களில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போய் வந்தேன், என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார், ஏழாவதில் தொடை நடுங்கிவிட்டது. நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிற தொடை! ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், வலது காலில் பதினாலு விநாடி, இடது காலில் ஆறு. இடது காலை ஊன்றித்தானே எப்போதும் இறங்குகிறேன், விழுந்த காரணம் அங்கேயே புரிந்துவிட்டது.

இப்போது தினமும் செய்வது: பல் தேய்க்கும்போது ஒற்றைக் கால், வாஷ்பேசினை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு. மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்குவது, ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பதில்லை, இறங்கும்போது கட்டாயம் பிடிக்கிறேன். இரண்டு கையிலும் அஞ்சஞ்சு லிட்டர் தண்ணீர் கேன் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, முதலில் ஆறு, இப்போது பத்து. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும், அதே பாரத்திலேயே நின்றுவிட்டால் எலும்புக்கு அது பழகிப்போய்விடும் என்றார்.

சாப்பாடும் மாறிவிட்டது. என் எடை 62 கிலோ, வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்றால் எனக்கு ஒரு நாளைக்கு 62-லிருந்து 75 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நாற்பதைக்கூடத் தாண்டியிருக்காது. காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் கொள்ளுப் பருப்பு, சாயங்காலம் சுண்டல், ராத்திரி தயிர். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் வாரம் ஒரு மாத்திரை.

ஜூன் 27, வெள்ளி

சைக்கிளை ரெடி பண்ணியாகிவிட்டது. சைக்கிள் கடைத் தம்பியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசி மாற்றினோம். ஷூவைப் பெடலில் பூட்டுகிற க்ளீட் வேண்டாம் என்று முடிவு, சாதாரண அகலப் பெடல் போட்டாகிவிட்டது. வேகம் சற்றுக் குறையும், குறையட்டும், சிக்னலில் கால் தானாகத் தரைக்கு வர வேண்டும். டயர் 25 மில்லிமீட்டரிலிருந்து 32, நல்லவேளை முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் இடம் இருந்தது. நூறு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது அறுபதுக்குக் கீழே, ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில் மணிக்கட்டுக்கு வந்துகொண்டிருந்த அடி பாதியாகிவிட்டது.

பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல் இருந்தது, 34 போட்டோம், முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கும் 34. ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர் நகரும். ஏற்றத்தில் கனமான கியரைப் போட்டு நெம்பினால் முட்டி போய்விடும், இலகுவான கியரில் நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை சுற்றுவதுதான் முட்டிக்கு நல்லது. ஹேண்டில்பாரையும் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினோம். வலப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி, ஏனென்றால் கழுத்து முழுசாகத் திரும்புவதில்லை, திரும்பிப் பார்க்கும்போது சைக்கிளும் கூடவே திரும்புகிறது.

ஏறி இறங்குவதற்குப் புது முறை: காலைத் தூக்கிச் சீட்டுக்கு மேல் கொண்டுபோவதற்குப் பதில், சைக்கிளைப் பிரேக் பிடித்தபடி நம் பக்கம் நன்றாகச் சாய்த்துவிட வேண்டும், சீட் முட்டி அளவுக்கு இறங்கிவிடும், காலை அப்படியே தாண்டி வைத்துவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினால் போதும். வாசலில் இருபது தடவை செய்து பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

மழைத் தூறல், ஓட்டவில்லை. ராபர்ட் மார்ச்சாண்டைப் பற்றி நிறையப் படித்தேன். பிரான்ஸ்காரர், 1911-ல் பிறந்தவர், தீயணைப்பு வீரராக இருந்தவர், வெனிசுவேலாவில் லாரி ஓட்டியிருக்கிறார், கனடாவில் மரம் வெட்டியிருக்கிறார், அறுபத்தெட்டு வயது வாக்கில்தான் மறுபடி தீவிரமாகச் சைக்கிளுக்கு வந்தார். 2014 ஜனவரியில், 102 வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். 2017 ஜனவரியில், 105 வயதில், 22.547. கடைசிப் பத்து நிமிடம் என்று காட்டிய பலகையைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று சொன்னாராம். 2021-ல் 109 வயதில் இறந்தார்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த கிலோமீட்டர் கணக்கு இல்லை. வெரோனிக் பிய்யா என்கிற உடலியல் பேராசிரியை அவருக்கு 101-லிருந்து 103 வயது வரை பயிற்சித் திட்டம் போட்டு அளந்திருக்கிறார். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர், அதில் எண்பது சதவீதம் லேசாக, இருபது சதவீதம் கொஞ்சம் மூச்சு வாங்க. அந்த இரண்டு வருடத்தில் அவர் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு 31-லிருந்து 35-ஆக ஏறியிருக்கிறது, மிதிக்கும் சக்தி 90 வாட்டிலிருந்து 125. நூறைத் தாண்டிய உடம்பு! பயிற்சிக்குப் பதில் சொல்லும் குணம் உடம்பை விட்டுப் போவதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். எல்லோரும் மார்ச்சாண்ட் ஆகிவிட முடியாது, தெரியும். ஆனால் இடது காலில் ஆறு விநாடி நின்றவன் இன்று பத்தொன்பது நின்றேன், அதுவும் அதே குணம்தானே.

நான் தப்பாகச் செய்துகொண்டிருந்ததும் இதில் புரிந்தது. நாலு நாளும் ஒரே மாதிரி, நடுத்தர வேகத்தில், லேசும் இல்லாமல் கடினமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாவது நாள், காற்று கொன்றுவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் பெரிய இடைவெளி, தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் வந்து விழுகிறது. மாதம்பட்டி தாண்டியதும் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், போன வருடம் இதே இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டு ஓட்டியிருப்பேன். இன்று சின்னக் கியரைப் போட்டு, குனிந்து, காற்றோடு சண்டை போடாமல் போனேன். எப்போதும் மேற்கே போவதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், களைத்துப்போய்த் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விடும்.

இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை, அது இதயத் துடிப்பை ஏறவிடாது. 220-லிருந்து வயதைக் கழித்தால் எனக்கு 146 என்ற கணக்கெல்லாம் எனக்குப் பொருந்தாது, மூச்சு முட்டும்போதும் வாட்ச் 112 என்றுதான் காட்டுகிறது. அதனால் பேச்சை வைத்து அளக்கிறேன்: ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் லேசு, மூணு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடினம். எதிர்காற்றில் நாலு நிமிடம் கடினமாக, அப்புறம் நாலு நிமிடம் லேசாக, இப்படி மூன்று தடவை, அதோடு சரி. தண்ணீரும் அப்படித்தான், வயதாக ஆகத் தாகம் தெரிவது மங்கிவிடுகிறது, அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை நாலு வாய் குடிக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பேரூர் படித்துறைக்குக் கூட்டம், விடியும் முன்னாலேயே வண்டிகள், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் தாண்டினேன். அங்கே எதிர்பாராமல் எங்கள் பழைய கோஷ்டியின் மூத்தவரைப் பார்த்தேன், 79 வயது, எனக்கு ரோடு சைக்கிளை முதலில் ஓட்டக் கொடுத்ததே அவர்தான். இரண்டு வருடம் முன்னால் கண் ஆபரேஷன், அதற்காக நிறுத்தியவர் அப்புறம் ஏறவே இல்லை. குடும்பத்தோடு வந்திருந்தார், நடையில் அவ்வளவு தளர்ச்சி. என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க, இந்தக் கால்தான் மேல வர மாட்டேங்குது" என்றார்.

சாய்த்து ஏறுவதை அங்கேயே, படித்துறை ஓரத்தில், செய்து காட்டினேன். "அண்ணா, நாளையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுங்க, முதல்ல அஞ்சு தடவை போதும்" என்று சொன்னேன். சரி சரி என்றார், முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இருட்டுப்பள்ளம் வரை போய் வந்தேன், ஜூனுக்கு அப்புறம் இவ்வளவு தூரம் இதுதான் முதல் தடவை. காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது, வெள்ளியங்கிரி மலை மேகத்துக்குள் பாதி தெரிந்தது. கூட வந்த பசங்க மூன்று பேரும் சாடிவயல் வரை போகலாம் என்று கூப்பிட்டார்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன், கால் இன்னும் போகும் என்றது, ஆனால் நாளைக்கு மறுநாள் மறுபடி ஓட்ட வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாள் தூங்கினால் சரியாகும் களைப்பு இப்போது இரண்டு நாள் கேட்கிறது, கொடுத்துவிடுகிறேன். ஸ்கேன் அடுத்த ஜூனில்தான், எலும்பு அவ்வளவு மெதுவாகத்தான் மாறுமாம்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால் மூத்தவரிடமிருந்து போன். பேரனிடம் சொல்லி, நடுக்கம்பி தாழ்வாக இருக்கிற லேடீஸ் சைக்கிள் ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறாராம். நாற்காலி இப்போது பன்னிரண்டு தடவை ஆகிறதாம், மருமகள் எண்ணுகிறாளாம். "தெருவுக்குள்ளதான், மெயின் ரோட்டுக்கு வரலைங்க. நீங்க கூட நின்னா போதும்" என்றார். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.