சார் நடத்திய பர்மா பாடம்

1988 ஆகஸ்டில் பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூன் தெருக்களில் மாணவர்களை ராணுவம் சுட்டுக்கொண்டிருந்த நேரம். காரைக்குடியில் எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு எதேச்சாதிகார ஆட்சி, அதாவது யாருக்கும் பதில் சொல்லாமல் ஆளும் ஆட்சி, பற்றிய பாடம் அப்போதுதான் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண். ஐயாவோ பெரியப்பாவோ அங்கே பெட்டியடியில் (வட்டிக்கடையில்) இருந்து திரும்பியவர்கள். அரசியல் சார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"பர்மாவுல நம்ம நிலம், கடை எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டாங்களே சார், அதுதானே சர்வாதிகாரம்?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் வளவுகளில் எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சு அது. சார் கரும்பலகையில் 1948, 1964 என்று இரண்டு வருடங்களை எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டார். "இரண்டையும் ஒண்ணாச் சேர்க்காதே" என்றார்.

1948இல் நிலத்தை எடுத்தது பர்மா நாடாளுமன்றம் போட்ட சட்டம். நம்மவர்களுக்குப் பெரிய நஷ்டம், சரி. ஆனால் 1930களில் நெல் விலை விழுந்து, நம்மவர்களிடம் பட்ட கடனுக்கு நிலத்தை இழந்த பர்மா விவசாயிக்கு அது நியாயமாகவே பட்டது. இதைச் செட்டிநாட்டு வகுப்பறையில் நின்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேச அன்று சபை இருந்தது, கோர்ட் இருந்தது, அடுத்த தேர்தலும் இருந்தது.

1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். நாடாளுமன்றம் போயிற்று, பிரதமர் ஊ நு காவலில். 1963இல் வங்கிகள், 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. நே வின் கட்சி தவிர மற்ற கட்சிகளுக்குத் தடை. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். "யார்கிட்டப் போய்க் கேட்கிறது? கேட்க ஓர் இடம் இருக்கா, அதைப் பாரு" என்பார் சார்.

அப்புறம் வகைகள். ராணுவக் குழு, ஒரே கட்சி, தனி மனிதர், மன்னர் என்று வேகமாகச் சொல்லிப் போனார். ராணுவமாக வந்த நே வின் 1974 அரசியல் சட்டத்தில் ஒரே கட்சி ஆட்சியாக வேஷம் மாற்றியதைக் காட்டி, பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ், முழுச் சர்வாதிகாரத்துக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் சொன்ன வித்தியாசத்தில்தான் நிறைய நேரம் நின்றார். இட்லர் மாதிரி ஆட்சி மக்களை ஊர்வலத்துக்கு இழுக்கும், கோஷம் போடச் சொல்லும். பிராங்கோ மாதிரி ஆட்சிக்கு மக்கள் வாயை மூடி வீட்டில் இருந்தால் போதும். வியாபாரம் நடக்கும், கோயில் குளம் நடக்கும், ஆட்சியைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

நம் நாட்டை அவர் விட்டுவிடவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டவர்கள் கோர்ட்டை அணுக முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்ததைச் சொல்லும்போது சாரின் குரல் இறங்கிவிடும். ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அந்தப் பெயரை எங்கள் எல்லாரையும் நோட்டில் எழுத வைத்தார்.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறீர்கள். சார் நடத்தியதில் நினைவிருப்பதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் சேர்க்கலாம்.