சாண்டா குரூஸின் டாக்கேரியாக்கள்

சாண்டா குரூஸுக்கு விருந்தாளி வந்தால் எல்லாரும் முதலில் கூட்டிப் போவது கடலுக்குள் நீளும் அந்த மரத்துறைக்குத்தான். அடிக்கட்டைகளில் கடற்சிங்கங்கள் படுத்துக் கத்தும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மான்டெரே விரிகுடா கண்நிறையத் தெரியும். நாங்களும் அங்கே போவோம். ஆனால் கலிபோர்னியாவின் இந்த ஊரில் எங்களுக்கு வாய்க்குப் பிடித்த சாப்பாடு கிடைத்தது கடல் தெரியாத தெருக்களில், சின்னச் சின்ன மெக்சிகன் டாக்கேரியாக்களில், அதாவது டாக்கோ விற்கும் எளிய சாப்பாட்டுக் கடைகளில்.

தெற்கே கொஞ்ச தூரத்தில் வாட்சன்வில். சுற்றிலும் ஸ்ட்ராபெரி, லெட்யூஸ் வயல்கள். அவற்றில் நாளெல்லாம் குனிந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து, குறிப்பாக மிச்சோவகான், வஹாகா பக்கமிருந்து, வந்த குடும்பங்கள். 1985இல் உறைய வைத்த காய்கறி ஆலைகளில் ஊதியக் குறைப்பை எதிர்த்து அந்த ஊர்த் தொழிலாளர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், தொடங்கிய வேலைநிறுத்தம் 1987 வரை நீடித்தது. நல்ல டாக்கேரியாக்கள் அப்படிப்பட்ட உழைப்பாளிகளுக்காகவே நடப்பவை. மதியம் சேறு காயாத பூட்ஸோடு வந்து நிற்பவர்களிடம் சுமாரான டார்ட்டியாவை, அதாவது சோள ரொட்டியை, கொடுத்துவிட்டுக் கடை நடத்த முடியாது. சுற்றுலாக்காரர் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இவர்கள் நாளைக்கும் வருவார்கள்.

டார்ட்டியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, தோல் கழன்றதும் கழுவி அரைத்தால் கிடைக்கும் மாவுதான் மாசா. அதைத் தட்டிச் சுட்டால் டார்ட்டியா. சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் சத்து உடம்பில் சேர்வது அந்தச் சுண்ணாம்பால்தான். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அதையே முக்கிய உணவாகத் தின்ற வடஇத்தாலிய ஏழைகளுக்கு அந்தச் சத்துக் குறைவால் பெல்லாக்ரா நோய் வந்தது. எந்த ஆய்வகமும் இல்லாத காலத்தில் மெக்சிகோவின் அடுப்படிகள் கண்டுபிடித்த பக்குவம் இது! கல்லில் போட்டதும் உப்பி எழும் டார்ட்டியாவை முதலில் வெறுமனே ஒரு வாய் தின்று பாருங்கள். வறுத்த தானியமும் ஈரமண்ணும் சேர்ந்த வாசனை வரும். பாக்கெட் டார்ட்டியாவில் இந்த வாசனை வராது.

அம்மா வந்து எங்களோடு தங்கியிருந்தபோது சைவம்தான் பெரிய கவலை. "ஏம்மா, இங்க எனக்கு என்னடி இருக்கப்போகுது?" என்றாள். விசாரித்தால் அவள் கவலையில் நியாயம் இருந்தது. பல கடைகளில் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேரும். சிவப்புச் சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது, மந்தேக்கா (பன்றிக்கொழுப்பு) போட்டிருக்கிறதா, கால்தோ தெ போயோ (கோழிச் சாறு) சேர்த்திருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேட்கவேண்டும். கல்லாவில் இருந்த அம்மையார் முகம் சுளிக்கவே இல்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "இந்தப் பானை பீன்ஸ் வெறும் உப்பும் வெங்காயமும்தான், இதைச் சாப்பிடுங்கள்" என்று காட்டினார்.

அப்புறம் அம்மாவுக்கு வழி திறந்தது. முள் சீவி வதக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், பூசணிப்பூவும் சீஸும் டார்ட்டியாவில் வைத்து மடித்துச் சுட்ட கேசடியா, சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாய்க் கீற்று. ஓரத்து மேசையில் இருக்கும் சல்சாக்களை, நம் சட்னி மாதிரியான தொடுகறிகளை, அவள் ஒன்றுவிடாமல் ருசி பார்த்தாள். வறுத்த சிலே தெ ஆர்போல் மிளகாயை அரைத்த சிவப்புச் சல்சாவுக்குத்தான் முதல் மார்க். மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி நம் சமையலுக்கு வந்தவை. பதிலுக்கு ஸ்பானியர் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்த புளியை அவர்கள் சர்க்கரை போட்டுக் கரைத்து, கண்ணாடி ஜாடியில் குளிர்பானமாக வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் உப்பு போதவில்லை. எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் முட்டைக்கோஸும் டார்ட்டியாவில் வைத்து மடித்த பாஹா டாக்கோ இருக்கிறது. கேமரா வைத்துப் படம் எடுக்கும் கடைகளைவிட, மெனு பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோன கடைகளில் அது நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பெரிய கோதுமை டார்ட்டியாவில் சுருட்டித் தரும் பூரிட்டோ வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். ருசி பார்க்க டாக்கோவையே வாங்குங்கள்.

சனி, ஞாயிறு காலையில் பல கடைகளில் மெனுதோ கொதிக்கும். அது மாட்டு இரைப்பை சூப். சைவர்கள் அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டால் நிம்மதி. டிசம்பரில் மாசாவைச் சோளமடலில் சுற்றி ஆவியில் அவித்த தமாலே வாங்கவேண்டுமானால் முன்கூட்டியே டஜன் கணக்கில் சொல்லிவைக்க வேண்டும். அதன் மாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் கேட்டால், மிளகாய்க்கீற்றும் சீஸும் வைத்ததை மட்டும் எண்ணெயில் பிசைந்து தனியாகச் செய்து தருகிறார்கள்.