சுமப்பவர் உடம்பிலிருந்து தொடங்குவோம்: வாடகைத் தாய் முறை நடக்கும் விதம்

‘வாடகைத் தாய்’ என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. வாடகைக்கு விடுவது வீட்டை, உடம்பை அல்ல. ஆனாலும் எல்லோரும் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள் என்பதால் தலைப்பில் விட்டிருக்கிறேன். கீழே ‘சுமக்கும் தாய்’ என்றே எழுதுகிறேன்.

பலரும் முதலில் கேட்பது, குழந்தைக்கு யார் ஜாடை வரும் என்பதைத்தான். இந்த முறையில் கருமுட்டை சுமக்கும் தாயுடையது அல்ல. பெற்றோராகப் போகிறவருடையதாக இருக்கும், அல்லது தானமாகப் பெற்றதாக இருக்கும். ஆகவே மரபணு வழியில் அவருக்கும் குழந்தைக்கும் உறவில்லை. நஞ்சுக்கொடிகூடக் கருவிலிருந்தே உருவாகிறது. ஆனால் ரத்தப் பிரிவைக் கவனிக்காமல் விடக்கூடாது. சுமக்கும் தாய் ஆர்.எச். நெகட்டிவ், கரு பாசிட்டிவ் என்றால் அவர் உடம்பு கருவின் ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்க 28-ஆவது வார வாக்கில் ஆன்டி-டி ஊசி தேவைப்படும். பெற்றோரின் ரத்தப் பிரிவை முதல் நாளே சுமக்கும் தாயின் மருத்துவக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

சுமக்க முன்வருகிறவர் ஏற்கெனவே ஒரு குழந்தையையாவது சிக்கலின்றிப் பெற்றிருக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. ரத்தக் கொதிப்பு, கர்ப்பகால சர்க்கரை, குறைப்பிரசவம் இவையெல்லாம் வருமா வராதா என்பதை எந்தப் பரிசோதனையையும்விட அவருடைய முந்தைய பிரசவம் தெளிவாகச் சொல்லும். சிசேரியன் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு தழும்பும் கூடக்கூட, அடுத்த முறை நஞ்சுக்கொடி அதில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் சுமக்கும் தாய்க்கு மட்டுமல்ல, முட்டையும் விந்தும் தருகிறவர்களுக்கும் உண்டு.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஒரு மாத்திரைகூடத் தொடங்கக்கூடாது. இரு தரப்புக்கும் தனித்தனி வழக்கறிஞர் வேண்டும். எத்தனை கரு வைப்பது, கரு கலைந்தால் செலவு யாருடையது, ஸ்கேனில் கடுமையான குறை தெரிந்தால் என்ன செய்வது, படுக்கை ஓய்வு சொன்னால் வருமான இழப்பை யார் ஈடுகட்டுவது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் இந்த முறைக்கே தடை. சில இடங்களில் நீதிமன்ற ஆணை வரும் வரை பெற்றெடுத்தவரே சட்டப்படி தாய். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து அவருடையதுதான். மருத்துவருக்கு எதிரே இருக்கும் நோயாளி அவர், பெற்றோர் அல்ல.

கரு உருவாக்கும் வேலை சோதனைக் குழாய் முறையில் நடப்பதேதான். 10 முட்டை எடுத்தால் 10 கரு வந்துவிடாது. சில முட்டைகள் முதிர்ந்திருக்காது, சில கருவுறாது, கருவுற்றவற்றில் ஏறக்குறைய பாதிதான் ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் நிலையை, அதாவது கருப்பையில் ஒட்டும் அளவுக்கு வளர்ந்த நிலையை, எட்டும். எட்டியவற்றை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள்.

அதிகம் தவறு நடப்பது கருப்பையைத் தயார் செய்வதில்தான். ஏறத்தாழ இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து உட்சுவரை வளர்ப்பார்கள். ஸ்கேனில் 7 மில்லிமீட்டருக்கு மேல், மூன்று கோடுகளாகத் தெரிய வேண்டும். சுவர் மெலிந்திருந்தால் அந்தச் சுழற்சியை விட்டுவிடுவதே நல்லது. நல்ல கருவை மோசமான சுவரில் வைத்து இழந்தால் திரும்பக் கிடைக்காது. பிறகு, அந்தச் சுவரைக் கரு ஒட்டப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் தொடங்கும். அதை ஐந்து நாள் முழுதாகக் கொடுத்து ஆறாம் நாள் கருவை வைப்பார்கள். தொடங்கும் நாளைத் தவறாக எண்ணினால், சுவர் ஏற்கும் நாளும் கருவின் வயதும் பொருந்தாமல் போகும்.

இந்த மருந்துச் சுழற்சியில் பொதுவாக முட்டை வெடித்து வெளிவருவதில்லை. அதனால் முட்டை வெடித்த இடத்தில் உருவாகி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியமும் இல்லை. உடம்பில் இருப்பது வெளியிலிருந்து போனது மட்டுமே. சுமார் 10 முதல் 12 வாரம் வரை, நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் மட்டும், புரோஜெஸ்டிரோன் ஊசியைத் தவற விடக்கூடாது. மருந்து எண்ணெயில் கரைத்தது என்பதால் கட்டி தட்டும், வலிக்கும். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, பக்கம் மாற்றிப் போட்டு, பிறகு நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். சில வகைகளில் எள்ளெண்ணெய் இருப்பதால் எள் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு இயற்கைச் சுழற்சியிலும் கருவை வைக்கலாம்; அதில் கார்பஸ் லூட்டியம் இருக்கும். கார்பஸ் லூட்டியம் இல்லாத கர்ப்பங்களில் பிரீஎக்ளாம்ப்சியா என்ற ஆபத்தான கர்ப்பகால ரத்தக் கொதிப்பு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. மருத்துவரிடம் இதைத் தயங்காமல் பேசுங்கள்.

இன்னொன்று, கூச்சத்தால் யாரும் சொல்வதில்லை. கரு வைக்கும் சுழற்சியில் சுமக்கும் தாய் தன் துணையுடன் உறவைத் தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய சொந்த முட்டையே கருவாகிவிட வாய்ப்புண்டு.

ஒரே ஒரு கரு வைப்பதுதான் சரி. இரட்டை என்றால் குறைப்பிரசவம், ரத்தப்போக்கு, ரத்தக் கொதிப்பு எல்லாமே கூடும். அந்த ஆபத்தைத் தாங்குகிற உடம்பு அவருடையது. ஒன்று வைத்தாலும் அபூர்வமாக அது இரண்டாகப் பிரியலாம். கரு வைத்து 9 முதல் 12 நாளில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை, இரண்டு நாள் கழித்து மறுபடியும். எண் ஏற வேண்டிய வேகத்தில் ஏறாவிட்டால் கரு தங்கவில்லை என்றோ கருக்குழாயில் ஒட்டியிருக்கிறது என்றோ சந்தேகிக்க வேண்டும். இதயத்துடிப்பு ஆறு, ஏழு வாரத்தில் தெரியும். வாரக் கணக்கில் குழம்பாதீர்கள்: ஐந்து நாள் கருவை வைத்த நாளே 2 வாரம் 5 நாள். அதிலிருந்து 261-ஆவது நாள் பிரசவத் தேதி.

பிறந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் போய்விடும். பெற்றவருக்கோ மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும். தாய்ப்பால் எடுத்துக் கொடுப்பதா, வற்ற விடுவதா என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். வற்ற விடுவதானால் இறுக்கமில்லாமல் தாங்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலி பொறுக்காதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சி விடுவது. அதிகம் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். ஆறு வாரத்துக்குப் பிறகு நடக்கும் பரிசோதனையும், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருக்கும் உண்டு. அந்தச் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.