கோலிபா வீட்டின் ஒரு மூலை: ஸாகோபானே பாணியைச் செய்து பார்க்கிறேன்

போலந்தின் தத்ரா மலையடிவாரத்தில் இருக்கிறது ஸாகோபானே. 1890 வாக்கில் அங்கே வீடு கட்டியவர்கள் சுவிஸ் மலைவீடுகளைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓவியரும் விமர்சகருமான ஸ்தானிஸ்வாவ் வித்கியேவிச்சுக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளூர் மலைமக்களின் தச்சுவேலையையே அடிப்படையாக வைத்து அவர் வரைந்த முதல் வீடுதான் கோலிபா. 1892-93ல் மலைத்தச்சர்களே கட்டினார்கள். இப்போது அது ஸாகோபானே பாணி என்று அழைக்கப்படும் அந்தப் பாணிக்கான அருங்காட்சியகம்.

அதை மர மாதிரியாகச் செய்கிறேன். முழு வீடும் வேண்டாம் என்று, 1:25 அளவில் ஒரு மூலையையும் முகப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த மலைவீடுகளில் ஸ்ப்ரூஸ் மரத்தை நெடுக்கில் பிளந்து, உருண்ட பக்கம் வெளியே தெரிய அடுக்குவார்கள். பிளைவுட் கடையில் கிடைக்கும் 12 மி.மீ. அரைவட்ட பீடிங் இதற்குக் கச்சிதம். அடியில் கருங்கல் சில்லுகளால் அஸ்திவாரம்.

மூலைதான் உயிர். ஒவ்வொரு கட்டையிலும் வெட்டுப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வவிட்டேன். மேல்வரிசைகள் வந்ததும் கட்டை நுனிகளைப் படிப்படியாக வெளியே நீட்ட வேண்டும். இறவாரத்தைத் தாங்குவது அவைதான். அந்த நுனிகளைச் சின்ன உளியால் வளைவாகச் செதுக்கியபோதுதான் இந்தப் பாணி எனக்குப் பிடிபட்டது. கண்ணுக்கு அலங்காரமாகத் தெரிவதே பாரம் சுமக்கிறது. செதுக்கிய துண்டைத் தனியாக ஒட்டியிருந்தால் இந்த அழகு வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டைகளுக்கு இடையே குளிர் புகாமலிருக்க, அங்கே மெல்லிய மரச்சீவலைக் கயிறாக முறுக்கித் திணிப்பார்கள். நான் சணல் நூலைத் தளர்த்தி, டெஸ்டர் முனையால் அழுத்திவிட்டேன். கருப்பாகத் தெரிந்த சந்துகள் வெளிறி, சுவர் முழுக்கச் சடை பின்னியது போல வரிகள் எழுந்தன. இதுவரை செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

முகப்பு முக்கோணத்தில் பாதிச் சூரியன். வெனீர் என்ற மெல்லிய மரத்தகட்டைக் கதிர் கதிராக, உள்முனை குறுகும்படி வெட்டினேன். மரரேகை ஒவ்வொரு கதிரின் நீளவாக்கிலும் ஓட வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் பட்டால் கதிருக்குக் கதிர் நிறம் மாறுகிறது. வார்னிஷ் அடிக்கவில்லை, மரம் மரமாகவே இருக்கட்டும்.

கூரை பாக்கி. பனி தங்காத செங்குத்துச் சாய்வு, மேலே மர ஓடுகள். நிஜ ஓட்டில் தடித்த விளிம்பில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், இருக்கும். பக்கத்து ஓட்டின் மெல்லிய விளிம்பு அதற்குள் நுழையும். 1:25ல் அந்தக் காடி எடுபடாது. அதனால் கூரைக்கு வெனீர்த் துண்டுகள். காடியோடு நாலைந்து ஓடுகளை மட்டும் 1:5ல் தனியாகச் செய்து பக்கத்தில் வைக்கப்போகிறேன்.