பாப்பாவின் கண் வெள்ளை நீலமாகத் தெரிந்தபோது

பாப்பா 34 வாரத்திலேயே பிறந்தவள். அவளுக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் குளிப்பாட்டி முற்றத்து வெளிச்சத்தில் மடியில் போட்டு, கண் மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கருவிழியைச் சுற்றி வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. வேட்டி அலசும்போது சொட்டு நீலம் கொஞ்சம் கூடிப்போனால் ஒரு வெளிறிய நீலம் ஏறுமே, அந்த நிறம். இரண்டு கண்ணிலும்.

அத்தை, "பார்வை பட்டிருக்கும், சாயங்காலம் சுத்திப் போடறேன்" என்றார்கள். என் வீட்டுக்காரர் போனில் தேடினார், முதலில் வந்ததே எலும்பு ஒடியும் நோய். அன்று ராத்திரி அவளைத் தூக்கவே கை நடுங்கியது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் எதாவது ஆகிவிடுமோ என்று தலையணையோடு சேர்த்துத் தூக்கினேன்.

மறுநாள் கடலூரிலேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம். இரண்டு நிமிஷம்கூட இல்லை, "குழந்தைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அதில் பாதி உண்மைதான். பிறந்த குழந்தைக்குக் கண்ணின் வெள்ளைப் படலம், அதாவது ஸ்கிளீரா, ரொம்ப மெல்லிசாக இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் கருத்த படலம் ஊடே தெரிவதால்தான் நீலமாகப் படும், மாதம் ஏற ஏற படலம் தடித்து வெள்ளையாகும், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் ஒன்பது மாதத்தில் புதிதாகக் கண்ணில் படுகிறது என்றால் வேறு ஒன்றும் இல்லை என்று பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி புதுச்சேரி பஸ்ஸில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே முதலில் பார்த்தது கண் அழுத்தம். குழந்தைகளுக்கு வரும் கிளாக்கோமாவில், அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோயில், கண்ணே பெரிதாகி, வெள்ளைப் படலம் இழுபட்டு நீலம் தெரியுமாம். கண்ணில் ஓயாமல் நீர் வடிவது, வெளிச்சம் கண்டால் கண்ணை இறுக்கி மூடுவது, கருவிழி மங்கலாக இருப்பது, இவை இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கருவிழியின் அகலத்தையும் அளந்தார்கள், முதல் வயதில் 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். பாப்பாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. குழந்தை மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள்.

புதுச்சேரியில் பார்த்த அந்தக் குழந்தை மருத்துவர் கண்ணைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது லேசாக விழுந்தாலே எலும்பு முறிந்திருக்கிறதா, சின்ன வயதிலேயே காது மந்தமானதா, பல் பழுப்பாகவோ கண்ணாடி மாதிரியோ இருக்கிறதா, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறதா? குழந்தையைத் தூக்கும்போது எந்தக் கையையாவது அசைக்காமல் வீரிட்டு அழுகிறாளா? எல்லாவற்றுக்கும் இல்லை. எலும்பு ஒடியும் நோய், எலும்புக்கும் கண் படலத்துக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் குறைபாட்டால் வருவது, சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றில்தான் இருக்கும் என்றார். அப்புறம் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

பால் போதவில்லை என்று ஆறாம் மாதத்திலிருந்தே பசும்பால். பிறந்தபோது எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து சொட்டு மருந்து தீர்ந்ததும் திரும்ப வாங்கவில்லை, வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. தவழ்ந்துபோய்ச் சுவரை நக்குவாள், அதையும் சொன்னேன். அவர் உடனே உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், கோடுகள்கூட வெளுத்திருந்தன. நான் தினமும் பிடிக்கிற கை அது.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.8தான், ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் கொலாஜன் சரியாக உருவாகாமல் படலம் மெலியும், அதனால் நீலம் தெரியும் என்று விளக்கினார். குறைமாதக் குழந்தைக்கு இருப்பே குறைவு, கடைசி மூன்று மாதத்தில்தான் அம்மாவிடமிருந்து நிறைய இரும்பு சேரும். பசும்பாலில் இரும்பு சொற்பம், குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் வைக்கும், ஒரு வயதுவரை அதைக் குடிக்கக் கொடுக்கவே கூடாது.

எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் சிரப் எழுதினார். பாலோடு சேர்க்காமல், இடைவெளி விட்டு, ரெண்டு சொட்டு சாத்துக்குடிச் சாறோடு கொடுத்தோம். மலம் கறுப்பாகப் போனது, அது மருந்தால்தான். அத்தை ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வேகவைத்து மசித்துத் தந்தார்கள், அது நல்லதுதான், ஆனால் மருந்துக்குப் பதில் ஆகாது. நிறத்தைப் பார்த்துத் தானாக இரும்பு மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் குழந்தைக்கு விஷம், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஒரு மாதத்தில் 9.7 ஆனது. அந்த வாரம்தான் கீழே முதல் பல் முளைத்தது, ஓரத்தில் கறுப்பு. பல்லைப் பற்றி அவர் கேட்டது ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, அன்றே பஸ் ஏறினோம். அவர் துணியை நனைத்து விரலில் சுற்றி அழுத்தித் துடைத்தார். சிரப் கறை துணியோடு வந்தது, அடியில் பல் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.