கோவென்ட்ரியில் ஒரு நாடுகடத்தல்

இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குக் குடிவந்த புதிதில், கார் தொழிற்சாலைகளையும் 1940 குண்டுவீச்சில் இடிந்த தேவாலயத்தையும் தவிர இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காஸ்ஃபோர்டு கிரீன் என்பது பஸ் போகிற வழியில் வரும் ஒரு புல்வெளி, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் நான்கு வரலாற்று நாடகங்களை வைத்து பிபிசி 2012-இல் ஒளிபரப்பிய 'தி ஹாலோ கிரௌன்' தொடரைப் பார்த்தபின் அந்தப் புல்வெளியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதல் படம் இரண்டாம் ரிச்சர்ட். போலிங்புரோக், மௌப்ரே என்ற இரு பிரபுக்கள் ஒருவர்மேல் ஒருவர் துரோகப் பழி சுமத்தி, களத்தில் மோதத் தயாராகிறார்கள். கடைசி நொடியில் அரசன் தடுத்து இருவரையும் நாடு கடத்துகிறான். 1398-இல் இது நிஜமாகவே நடந்தது, அதே காஸ்ஃபோர்டு கிரீனில்!

சப்டைட்டில் இல்லாவிட்டால் எனக்குப் பாதி வசனம் பிடிபட்டிருக்காது. (இங்கேயே பிறந்து வளர்ந்த அலுவலகத் தோழிக்கும் அப்படித்தானாம்.)

போலிங்புரோக்குக்குப் பத்து வருடம். அவனுடைய அப்பா ஜான் ஆஃப் கான்ட் கலங்குவதைப் பார்த்து அரசன் நான்கைக் குறைக்கிறான். கிழவருக்கு அதில் ஆறுதல் இல்லை. அவன் வருவதற்குள் என் விளக்கில் எண்ணெய் வற்றிவிடும் என்கிறார். பேட்ரிக் ஸ்டீவர்ட் நடித்த பாத்திரம். ஊரில் என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஃபோனிலும் எப்போது வருவாய் என்றுதான் கேட்பார். அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

மௌப்ரேக்கு ஆயுள் முழுக்க. அப்புறம் நூலகத்தில் நாடகப் புத்தகத்தை எடுத்துப் படித்தபோது அவன் புலம்பல் இன்னும் உறைத்தது: நாற்பது வருடம் பழகிய ஆங்கிலத்தை இனி விட்டாக வேண்டுமே, என் நாக்கு நரம்பில்லாத வாத்தியம் ஆயிற்றே என்கிறான். கடைக்காரர் வேகமாகப் பேசினால் முழிக்கிற நான் போய் ஆங்கிலத்தை இழந்தவனுக்காக வருத்தப்பட்டேன்!

ரிச்சர்டாக வரும் பென் விஷா கிரீடத்தை நீட்டுவதும் பின்னிழுப்பதுமாகத் தவிக்கும் இடம் அபாரம். அடுத்து வரும் நான்காம் ஹென்றி படங்களில் ஃபால்ஸ்டாஃப் என்ற வேடிக்கையான கிழட்டு வீரனாக வரும் சைமன் ரஸ்ஸல் பீலும் அப்படித்தான். கடைசிப் படமான ஐந்தாம் ஹென்றி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

கதையை அப்பாவுக்கு ஃபோனில் சொன்னேன். "அந்தப் பையன் திரும்பி வந்தானா?" என்று கேட்டார். வந்தான், ஆனால் கான்ட் இறந்தபிறகுதான். "வந்தான்பா, வந்து ராஜாவாவே ஆயிட்டான்" என்று மட்டும் சொன்னேன்.