பொட்டென்ஷியல் என்னும் கட்டம்

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் நான் அதிக நேரம் தயங்கி நிற்பது 'பொட்டென்ஷியல்' என்ற கட்டத்தில்தான். செய்து முடித்த வேலைக்கு மதிப்பெண் போட்டுவிடலாம், அதற்குக் கணக்கு இருக்கிறது. இன்னும் கையில் எடுக்காத வேலையை ஒருவரால் செய்ய முடியுமா என்று எழுதுவதுதான் கடினம். பதவி உயர்வு, பயிற்சி, புதிய பொறுப்பு எல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்தே முடிவாகின்றன.

லத்தீனில் 'போஸ்ஸே' என்றால் இயலுதல். அதிலிருந்து வந்த 'பொட்டென்ஷியா' என்பதற்கு ஆற்றல் என்று பொருள். ஆங்கிலத்தில் பவர், பாஸிபிள் ஆகிய சொற்களும் இதே குடும்பம். அரிஸ்டாட்டில் 'டுனமிஸ்' என்று கிரேக்கத்தில் சொன்னதை இடைக்கால அறிஞர்கள் லத்தீனில் பொட்டென்ஷியா என்றே எழுதினார்கள்.

அரிஸ்டாட்டில் தம் 'மெட்டாஃபிசிக்ஸ்' நூலின் ஒன்பதாம் பகுதியில் மெகாரா என்ற கிரேக்க நகரின் பெயரால் அறியப்பட்ட தத்துவவாதிகளை மறுக்கிறார். ஒருவர் ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கும்போது மட்டுமே அதற்கான ஆற்றல் அவரிடம் உண்டு என்பது அவர்கள் வாதம். அப்படியானால் வீடு கட்டுபவர் கரண்டியைக் கீழே வைத்ததும் தொழிலை இழந்துவிடுகிறாரா, மறுபடி எடுத்ததும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார் அரிஸ்டாட்டில். மதிப்பீட்டுக் கூட்டங்களில் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி நினைவுக்கு வரும். "இதுவரை அவர் அதைச் செய்ததில்லையே" என்று யாராவது சொல்லும்போது அங்கே பேசுவது மெகாராதான்.

எங்கள் பிரிவில் சரக்கு இருப்பைப் பதிவு செய்யும் ஊழியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். தாமதமாக வந்த ஒவ்வொரு சரக்குக்கும் பக்கத்தில் காரணத்தைச் சிறு குறிப்பாக எழுதி வைப்பார், யாரும் கேட்காமலேயே. திட்டமிடும் குழுவில் ஓர் இடம் காலியானபோது அந்தக் குறிப்புகளை மேசையில் வைத்து அவருக்காகப் பேசினேன். அந்தக் குழுவில் முதல் சில வாரங்கள் திணறினார். பிறகு எந்தச் சப்ளையர் எப்போது தாமதிப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார். புதிதாக எதையும் அவருக்குள் நாங்கள் வைக்கவில்லை. அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் குழு மட்டும்தான் புதிது.

இயற்பியலும் இதையொட்டியே பேசுகிறது. 'பொட்டென்ஷியல் எனர்ஜி' என்ற பெயரை 1853-இல் வைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின். நம் பாடநூல்கள் அதை நிலை ஆற்றல் என்கின்றன. 10 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் சுமார் 98 ஜூல் ஆற்றல் சேர்கிறது. ஆனால் அது அந்தப் பொருளுக்கு மட்டும் சொந்தமில்லை. பொருளும் பூமியும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தம். எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணும் மாறும்.

அதனால், "பொட்டென்ஷியல் குறைவு" என்று மட்டும் எழுதிய படிவம் என் மேசைக்கு வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எந்த வேலைக்கு, யாருடைய குழுவில், என்ன கொடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். சில மேலாளர்களுக்கு எரிச்சல்தான். பரவாயில்லை, பதில் வந்த பிறகே படிவம் அடுத்த மேசைக்குப் போகிறது.